மறுகா சொல்றன்

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை இன்னமும் பிற நாடுகளில் படிக்கிறார்கள் என்று, என்னிடம் பயின்ற ஒரு டொக்டர் தொலைபேசியில் சொன்னாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அந்தக் கட்டுரையில் ஒரு குழந்தையைப் பற்றி நான் எழுதியது பொய். மறுநாள் அந்தச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி அதைத் தெரிவித்துவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. கடிதத்தில் எழுத இடமில்லாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, ஒரு பெண்ணுக்கு அவளுடைய பிள்ளை எங்கே இருக்கிறான் என்று சொல்லாமல் வருடக்கணக்காக வைத்திருந்தேன். அதுதான் மிச்சம்.

நான் குழந்தை வைத்தியன். மேற்படிப்பை முடித்துக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தபோது இங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. குறைமாதக் குழந்தைகளை வெப்பமாக வைத்திருக்கும் பெட்டிகள் எங்கள் வார்ட்டில் இருந்தன, மின்சாரம்தான் இருக்கவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கும் நேரத்தில் அவை பெட்டி, மற்ற நேரத்தில் மேசை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து தாய்மார் தோணியில் வருவார்கள். சோதனைச் சாவடியில் நின்று, இறங்கி, ஏறி, வந்து சேரும்போது சாரத்தில் சுற்றிய குழந்தை மீன் போலக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த குழந்தை பிழைப்பது அபூர்வம்.

அதனால் நான் செய்த ஆராய்ச்சி மிக எளிமையானது. குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு வைத்துத் துணியால் கட்டிவிடுவோம். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குத் தாயின் பாலைப் பீய்ச்சி எடுத்து, சின்னக் கோப்பையால் உதட்டில் வைத்துப் பருக்குவோம். பெட்டியும் மின்சாரமும் இல்லாமல் இப்படியே வளர்க்க முடியும் என்பதை உலகம் ஏற்கும் விதத்தில் காட்ட வேண்டும். அதற்கு ஒரு விதி: சொந்தத் தாயின் பால் மட்டும். வேறு எதையாவது குடித்த குழந்தையை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்தான்.

சுனாமி வந்த வருடம் மார்கழியில் எங்கள் வார்ட்டில் இருந்தவர்களுள் மிகச் சிறியவன் ஒரு மீனவரின் மகன். பிறக்கும்போது ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியவன். தாய் இளம் பெண். கல்லடிப் பாலத்துக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திடலில் அவளுடைய வீடு. ஒரு மாதமாக வார்ட்டை விட்டு அசையாமல் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு இருந்தாள். எங்களூரில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பார்கள். தாய் தலை முழுகி, வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதன் பிறகுதான் அடுப்படிக்குள் போகலாம். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய தாய் வந்து, ஒரு நாளைக்கு விடும்படி கேட்டார். பிள்ளை தேறியிருந்தான். விட்டேன். எந்த வைத்தியனும் விட்டிருப்பான். அதை நான் என் குற்றமாக எண்ணுவதில்லை.

போகுமுன் அவள் இரவுக்கும் காலைக்குமான பாலை எடுத்து வைத்தாள். வார்ட்டின் மூத்த மிஸ்ஸி, தாதியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளைச் சீண்டினார்.

"முழுகிற்று உடன வரவேணும் கா. மனிசன்ட மூஞ்சியப் பார்த்துக்கொண்டு அங்கயே நிண்டிராத."

"அவர் கடலுக்குப் போயிருவார் மிஸ்ஸி. பார்க்கிறத்துக்கு மூஞ்சி இருந்தாத்தானே."

இருவரும் சிரித்தார்கள். அவள் பிள்ளையின் பாதத்தை விரலால் தடவிவிட்டுப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது.

அந்த நாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நானும் அறிக்கைகளில் எழுதினேன். இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன். அவள் எடுத்து வைத்த பால் அன்று மத்தியானத்தோடு முடிந்தது. டின்னில் வரும் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தோம். நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளையின் வயிறு ஊதியது, நிறுத்தினோம். ஆழ்கடலில் நின்றதால் தப்பிய தகப்பன் பிறகு வந்தார். பிரேதங்களைப் புரட்டிப் பார்த்த கையோடு குழந்தைகளின் வார்ட்டுக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே நின்றார். பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் மனைவியைத் தேடப் போய்விட்டார். அவள் கிடைக்கவேயில்லை.

அடுத்த வார்ட்டில் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். கடலோரத்து வீடு. காலில் ஆழமான வெட்டு. பிறந்து நாற்பது நாளாகாத மகனை அலை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டது. கணவர் கட்டாரில் வேலை செய்தார். மார்பு கட்டிப்போய்க் காய்ச்சலில் கிடந்தாள். மிஸ்ஸி சுடுநீர்த் துணியால் ஒத்தி ஒத்திப் பாலை எடுத்து ஒரு பாத்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தார், கொட்டுவதற்காக. நான் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

அவளுடைய கட்டிலுக்கருகே போய், தாய் இல்லாத பிள்ளை ஒன்றுக்குக் கொஞ்சம் பால் தருவீர்களா என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஆர்ர புள்ள?" என்றாள்.

"தாய் இல்லாத பிள்ளை."

"அது விளங்கிச்சு டொக்டர். ஆர்ர புள்ள எண்டு கேட்டன். பால் குடுத்தா அது என்ட புள்ள. நாளைக்கு எனக்கு ஒரு பொண் பொறந்தா அதுக்கு இவன் காக்கா. எங்கட மார்க்கத்தில இது விளையாட்டில்ல. ஆரெண்டு எனக்குத் தெரியவேணும்."

தெரியாது, எங்கள் வழக்கம் வேறு என்று நான் சொல்லித் தப்ப முடியாது. முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் நான். என்னோடு படித்த ஒருவனுக்கு நிச்சயித்த கலியாணம் நின்றுபோனது, பெண்ணின் தாய் அவனுக்குச் சின்ன வயதில் பால் கொடுத்திருந்தார் என்று தெரிய வந்ததால். காக்கா என்றால் அண்ணன்; அவர்களிடத்தில் பால் உறவு இரத்த உறவுக்குச் சமம். அதை அறிந்துதான் அவளிடம் போனேன். ஆனால் படித்த படிப்பு வேறொன்றையும் சொல்லிக் கொடுத்திருந்தது. பால் என்பது கொழுப்பு, புரதம், நோயைத் தடுக்கும் பொருட்கள். யார் கொடுத்தாலும் பால் பால்தான்.

பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினால் என்ன என்று மிஸ்ஸி கேட்டார். காயத்தோடும் காய்ச்சலோடும் இருப்பவளிடம் அத்தனை சிறிய குழந்தையைக் கொண்டு போக முடியாது என்றேன். அது உண்மை. பெயரைச் சொல்வதற்கு என்ன தடை? பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. எங்கள் வார்ட்டில் அவன் இன்னாருடைய ஆண் குழந்தை, அவ்வளவுதான். அவனைச் சொன்னால் செத்துப்போன தாயைச் சொல்ல வேண்டும். தகப்பன் தமிழர், இவள் முஸ்லிம். இரண்டு சமூகத்துக்கும் இடையில் அந்த வருடங்களில் காய்ந்தும் காயாத இரத்தம் இருந்தது. பொண்டாட்டியைத் தேடித் திரியும் மனிதனிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்தில் யோசித்தேன். அதுவும் பொய்யில்லை.

"மறுகா சொல்றன் தங்கச்சி," என்றேன்.

மறுகா என்றால் எங்களூரில் பிறகு. எல்லாவற்றுக்கும் நாங்கள் மறுகா என்போம். அவள் என்னைப் பார்த்தாள்.

"மறக்காமச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, மறைப்புத் திரையை இழுத்துவிடும்படி மிஸ்ஸியிடம் கேட்டாள்.

அவள் கொடுத்த பாலை நான் சுடுநீரில் வைத்துக் காய்ச்சி எடுத்தேன். கோப்பையால் பருக்கினோம். பிள்ளையின் வயிறு அடங்கியது. கால் ஆறி வீட்டுக்குப் போன பிறகும் அவள் விடவில்லை. தமையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு தினமும் வருவாள். திரைக்குள் இருந்து பாலைக் கொடுத்துவிட்டு, இண்டைக்குச் சொல்லுறீங்களா என்று கேட்பாள். மறுகா என்பேன். தமையன் ஒரு நாள், டொக்டர்ட மறுகாவுக்கு என்ட பெற்றோல் காணாது என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மிஸ்ஸிமார் மாறி மாறி மார்பில் கட்டி வைத்திருந்த பிள்ளை தேறி, கட்டாமலே வெப்பத்தோடு இருக்கத் தொடங்கியதும் தகப்பனிடம் கொடுத்தோம். எங்கள் வழக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில்தான் இருப்பான். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். இங்கே தாயின் வீடும் இல்லை, தாயின் ஆட்களும் இல்லை. அதனால் அவர் வடக்கே கதிரவெளியில் இருந்த தன் தமக்கையிடம் பிள்ளையைக் கொண்டு போகப் புறப்பட்டார். போகும்போது, தாய் போன பிறகு எதைக் கொடுத்துக் காப்பாற்றினீர்கள் என்று என்னிடம் கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். அவர் நிதானமாகத்தான் இருந்தார்.

அன்றைக்கு முன்னைய கிழமைதான் ஆராய்ச்சியின் மீதியை எடுத்துப் பார்த்திருந்தேன். தாய்மார் செத்திருந்தார்கள், குடும்பங்கள் இடம் மாறியிருந்தன. பல வருட வேலை கலைந்து கிடந்தது. மிகச் சிறியவன் இவன், பிழைத்தவன். இவனை நீக்கினால் கட்டுரையில் சொல்ல மிச்சம் அதிகம் இல்லை. நீக்கவில்லை. அவனுக்கு நேரே, சொந்தத் தாயின் பால் என்று எழுதினேன். எழுத ஒரு நொடிதான் ஆனது. தகப்பன், காத்தான்குடிப் பெண், இரண்டு பேரில் யாருக்கு உண்மையைச் சொன்னாலும் அடுத்த கிழமை அவள் பழமும் பலகாரமுமாகக் கதிரவெளிக்குப் போயிருப்பாள். ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருக்கும். இவன் குடித்தது யாருடைய பால் என்று யாராவது என்னிடம் கேட்டிருப்பார்கள்.

தகப்பனிடம், தாய் எடுத்து வைத்த பால் கொஞ்சம் இருந்தது, பிறகு மா என்றேன்.

"அப்ப மாதான் ஐயா என்ட புள்ளயக் காப்பாத்தினது, என?"

"ஓம்," என்றேன். மாப்பால் கொடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவர் எல்லாம் எழுதி ஒட்டியவன் நான்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவள் என் கிளினிக்குக்கு வந்தாள். வாப்பாவின் புடவைக் கடையிலிருந்து ஒரு சின்னச் சட்டை கொண்டு வந்திருந்தாள். வயது ஒன்றாகப் போகிறது, இது கணக்காக இருக்கும் என்றாள். நோயாளியின் விபரத்தை வெளியே சொல்ல ஆஸ்பத்திரிச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னேன். ஒரு வருடமாக மறுகா என்றவன் அன்றுதான் சட்டத்தைக் கண்டுபிடித்தேன்.

"அந்தச் சட்டம் ஆர் எழுதினது?"

"நாங்கதான்."

"அப்ப நீங்களே மாத்தலாமே டொக்டர்."

சிரித்து மழுப்பினேன். சட்டையையாவது அனுப்பிவிடுங்கள் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதை அன்றைக்கு வார்ட்டில் இருந்த வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கும் சட்டை இல்லை. பால் பால்தான், சட்டை சட்டைதான்.

மறுவருடம் பெருநாளுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய சட்டையோடு வந்தாள். கணவர் ஊருக்கு வந்து போயிருந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. வடக்கே, கதிரவெளி இருக்கும் வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியிருந்த நேரம். அன்றைக்கு அவள் பெயர் கேட்கவில்லை.

"உசிரோட இரிக்கானா? அதையாவது சொல்லுங்க."

"இரிக்கான்," என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன்.

சில வாரங்களில் கதிரவெளிச் சனமும் எழும்பிவிட்டது. காட்டாலும் கழிமுகத்தாலும் நடந்து வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்தவர்களைப் பார்க்க எங்களை அனுப்பினார்கள். அங்கே ஒரு கூடாரத்து வாசலில் தகப்பன் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். காலடியில் சட்டையில்லாமல் ஒரு பிள்ளை இருந்தான். தமக்கை வழியில் செத்துப்போனார் என்றார். பிள்ளையின் மேல் கையை அளக்கும் நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். சிவப்பில் நின்றது. சிவப்பு என்றால், நல்ல சாப்பாடு கிடைக்காவிட்டால் அடுத்து வரும் எந்தக் காய்ச்சலும் அவனைக் கொண்டு போகலாம்.

தகப்பன் மா கேட்டார். அன்றைக்கு அதுதானே ஐயா காப்பாற்றியது என்றார். இருந்ததைக் கொடுத்தேன். பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் எழுதிக்கொண்டேன். இரண்டு வயதில் அந்தக் குழந்தைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்று அடுத்த கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் காத்தான்குடிப் பெண்ணை நினைத்தேனா என்று வாசிப்பவர் கேட்கலாம். நினைத்தேன். அதைத்தான் நான் சொல்லியாக வேண்டும். மறதி இல்லை, வேலைப்பளு இல்லை. பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு வீட்டில் சோறும் முட்டையும் மீனும் இருந்தன. அந்த வீட்டில் ஒருத்தி இவனுடைய உயரத்தை மனத்தால் அளந்து சட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும்போது இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த கூடாரத்துக்குப் போனேன்.

அதன் பிறகு வெளிநாடு ஒன்றில் நடந்த மாநாட்டுக்கு என்னை அழைத்தார்கள். குளிரான நகரம். திரையில் அந்தப் பிள்ளையின் படத்தைக் காட்டினேன். உள்ளங்கை அளவு முகம், கோப்பையின் விளிம்பில் உதடு. சொந்தத் தாயின் பால் ஒன்றினாலேயே, யுத்தத்துக்கும் கடலுக்கும் நடுவில், என்றேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். திரும்பி வந்ததும் பதவி உயர்வு, குழுக்கள், கொழும்புக்கும் ஊருக்குமான ஓட்டம். அவள் பெருநாளுக்குப் பெருநாள் வந்தாள். அந்த நாட்களில் நான் கிளினிக்கில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். சட்டைகளை வாங்கி வைக்கும்படி சொல்லியிருந்தேன். அவை அலுமாரியில் கிடந்தன.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் எடுபட்டு, கதிரவெளிக்குப் பாதை திறந்தது. சனம் திரும்பிப் போய்த் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு மீன்பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஓய்வு பெற எனக்குக் கொஞ்ச காலமே இருந்தது. பள்ளிக்குப் போகும் வயதில் அந்தக் குழந்தைகளின் பார்வை, செவி, பேச்சு எப்படி இருக்கின்றன என்று கடைசியாக ஒரு தரம் பார்த்து எழுதிவிட விரும்பினேன். அதற்காகத்தான் கதிரவெளிக்குப் போனேன். மனம் மாறிப் போகவில்லை.

பிள்ளை கொட்டிலின் முன்னால் மணலில் இருந்தான். வயதுக்குக் குள்ளம். பின்னால் போய் நின்று என் வீட்டுத் திறப்புக் கோர்வையைக் கலகலவென்று குலுக்கினேன். அவன் அசையவில்லை. கையைத் தட்டினேன். கையோடு கொண்டு போன மணியை அடித்தேன். அங்காலே கட்டியிருந்த ஆடு கழுத்தைத் திருப்பிக் கிறுகிப் பார்த்தது.

"அவனுக்குக் கேளாது ஐயா," என்றார் தகப்பன். "முகாமில வந்த காய்ச்சல். வலிப்பும் வந்து, உங்கட வார்ட்டிலதான் கிடந்தம். நீங்க வெளிநாடு போயிருக்கீங்க எண்டாங்க."

மூளைக் காய்ச்சல். உயிர் தப்பிய பிள்ளைகளில் சிலருக்குச் செவி போய்விடும். நல்ல சாப்பாட்டோடு, ஒரு கூரைக்குக் கீழ் இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் வந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையை வைத்து அப்படி முடிவு சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்குப் படிப்பித்தவன் நான். அந்த நியாயத்தை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உதவவில்லை.

வள்ளத்தின் நிழலில் இருந்துகொண்டு தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"காத்தான்குடியா?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"முகாமில இருக்கக்குள்ள காத்தான்குடிப் புடவைக் கடையளுக்கு மூட்டை தூக்கப் போனனான் ஐயா. அந்தத் தெருவெல்லாம் எனக்குத் தெரியும்." வலையின் முடிச்சு ஒன்றை இழுத்து இறுக்கினார். "தெரிஞ்சிருந்தா அவங்களிட்டக் கொண்டுபோய் விட்டிருப்பன். அந்த நேரம் எனக்கு ஆரும் இல்ல."

திரும்பி வரும் வழியில் நேரே அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவளும் தமையனும் இருந்தார்கள். தாயின் பெயரைச் சொன்னேன், தகப்பனைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்ததன் காரணத்தையும் சொன்னேன். தமையன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டாள்.

செவியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் எப்படிச் சொல்வது, போகும் வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமையன் வாடகைக்கு வான் ஒன்று பிடித்தார். அவளும் சின்ன மகளும் பின்னால் இருந்தார்கள். நான் என் அலுமாரியில் கிடந்த சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். ஓட்டமாவடிப் பாலம் தாண்டும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் மீன் விரும்பித் தின்பானோ, கணவாய் ஒத்துக்கொள்ளுமோ, சின்னப் பிள்ளைகளை அடிப்பானோ. வட்டிலப்பம் செய்து தூக்குச் சட்டியில் மடியில் வைத்திருந்தாள். இரண்டு தரம் செவியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு தரமும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கிய பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

இறங்கியதும் அவள் நிற்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி, அவன் சிரட்டையால் மணல் அள்ளிக்கொண்டிருந்தான். தகப்பன் கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் அவள் அவனுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"மனே," என்றாள். "இஞ்ச கிறுகுங்க மனே. உம்மா வந்திரிக்கன்."

அவன் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினான்.

"கோவமா மனே? நான் தேடினன் மனே உங்கள. ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்டன். எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல." முழந்தாளிட்டு மணலில் இருந்தாள். "கோவப்படாமக் கிறுகுங்க. ஒருக்கா முகத்தக் காட்டுங்க."

அந்த முதுகோடு அவள் இன்னும் என்னென்னவோ கதைத்தாள். நான் பத்தடி தூரத்தில் பையோடு நின்றேன். பிறகு அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் சொன்னேன்.

சின்ன மகள் போய் அவனுடைய தோளில் கை வைத்தாள். அவன் திரும்பினான். கூட்டத்தைக் கண்டு பயந்து தகப்பனைத் தேடினான். தகப்பன் வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கூப்பி, அவளுக்கு முன்னால் காட்டினார். அவள் அந்தக் கைகளைப் பிரித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடத்துக்கென்று எடுத்து வந்த சட்டையை அவனுக்குப் போட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கான சட்டை. தோள் முழங்கைக்குப் போனது, கை விரலுக்கும் கீழே தொங்கியது. என் பையிலிருந்த சட்டைகளைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மூன்று வயதுக்கென்று கொண்டுவந்த சட்டை அவனுக்குக் கணக்காக இருந்தது. வளர்ச்சிப் படங்களில் எத்தனையோ ஆயிரம் புள்ளி குத்தியிருக்கிறேன். அவற்றில் எதையும் அவள் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டதைப் பார்த்தது போல நான் பார்த்ததில்லை.

திரும்பும்போதும் நான் வானின் முன் ஆசனத்தில் இருந்தேன். மகள் அவளுடைய மடியில் நித்திரையாகியிருந்தாள். வாழைச்சேனையைத் தாண்டியதும் நான் தொடங்கினேன்.

"தங்கச்சி, நான் உங்களுக்குச் செய்தது..."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை; மிகவும் களைத்துப்போயிருந்தது.

"மறுகா கதைப்பம் டொக்டர்," என்றாள்.

நகரத்தில் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் அவனைச் சேர்த்தது அவள்தான். தகப்பனும் அவளுடைய வாப்பாவின் கடைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார். இன்று அவன் வளர்ந்த ஆள். அதே கடையில் தையல் மெஷினில் இருக்கிறான் என்று கேள்வி. அவளுடைய மகளுக்குக் கலியாணம் நடந்தபோது தமையனாக அவன் பந்தியில் நின்று பரிமாறினான் என்றும் சொன்னார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சில வேளைகளில் காத்தான்குடித் தெருவால் போக நேர்கிறது. கடைக்கு முன்னால் ஓட்டோவை மெதுவாகப் போகச் சொல்வேன். ஒரு முறை அவள் வாசலில் நின்றாள். என்னைக் கண்டாள், அடையாளமும் கண்டாள். சலாம் சொல்வது போலக் கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஓட்டோக்காரர் நிறுத்தவா என்று கேட்டார். போங்கள் என்றேன்.